கொதிக்கும் காரும் பட்டு நூலும்

கொதித்துக்கொண்டிருக்கும் ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். இக்கட்டுரையை முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியையாவது படித்துவிட்டுப் போகட்டும் என்றே இதை முதலில் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. தறிச் சத்தம் கேட்கும் ஊர். அங்கிருந்து என் வகுப்புக்கு வந்து படித்துப் போன மாணவன் ஒருவன், சென்ற ஆண்டின் இறுதியில் வலது முன்கையில் கட்டுடன் என்னைப் பார்க்க வந்தான். அவனும் அவன் தம்பியுமாகச் சேர்ந்து, தறி எடுத்துவிட்ட ஒரு பழைய கொட்டகையில் கார் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அது ஓடுகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் கொதிக்கிறது. கொதித்தபோது, தண்ணீர் குறைந்திருக்கும் என்று எண்ணி மூடியைத் திருகியிருக்கிறான். மீதியைக் கட்டு சொல்லிற்று.

அன்று அங்கே நடந்தது என்ன என்பதை நீங்கள் படிக்கும் பாடத்தைக் கொண்டே கணக்கிடலாம். ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடியன்று. அது நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போன்ற ஓர் அழுத்த வால்வு. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 0.9 பார் வரை அது அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அந்நிலையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே இருக்கும். இப்போது 110 டிகிரியில் 4 லிட்டர் தண்ணீர் உள்ளே இருப்பதாகக் கொள்வோம். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் விழுகிறது. தண்ணீர் 100 டிகிரிக்கு இறங்கியே ஆக வேண்டும். 10 டிகிரிக்குரிய வெப்பம், 4 கிலோகிராமுக்கு 168 கிலோஜூல். இந்த வெப்பம் முழுவதும் ஆவியாக்குவதில் செலவாகிறது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஆகவே ஏறத்தாழ 75 கிராம் நீர் ஆவியாகிறது. 75 கிராம்தானே என்று எண்ணாதீர்கள். அந்த ஆவியின் கன அளவு 120 லிட்டருக்கும் மேல்! எட்டுக் குடம் நீராவி, ஒரு கைப்பிடி அகலமுள்ள வாயின் வழியே, கொதிநீரையும் வாரிக்கொண்டு ஒரே கணத்தில் வெளியே பாய்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும் வரை, அரை மணியோ முக்கால் மணியோ, பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

கை ஆறிக்கொண்டிருந்தது. கார்தான் ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் போனேன்.

சொந்தமாகக் கார் கட்டுவது நம் நாட்டில் புதுமையன்று. கோவையில் ஜி. டி. நாயுடு 1952-ஆம் ஆண்டிலேயே இருவர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அதே கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவ்வகை ‘ஃபார்முலா மாருதி’ பந்தயங்களில் தொடக்க காலத்தில் ஓட்டிய நாராயண் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் மற்றொரு பந்தயத் தளம் இருக்கிறது. ஐயம்பேட்டைச் சகோதரர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து தொற்றியது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் கொட்டகைச் சுவரில் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன.

அவர்களுடையதும் மாருதி 800 எஞ்சின்தான். 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். நொறுங்கிப்போன ஒரு காரிலிருந்து எடுத்தது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்து, எஞ்சினை இருக்கைக்குப் பின்னாலும் ரேடியேட்டரை முன் மூக்கிலும் வைத்திருந்தார்கள். இரண்டையும் இணைக்க அடித்தளத்தின் கீழே நீண்ட இரு குழாய்கள். பதிவு செய்யப்படாத இத்தகைய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஆகவே உறவினர் ஒருவரின் வேலியிட்ட மனைப்பிரிவு நிலத்தில்தான் ஓட்டம். இதை அவர்கள் நான் சொல்லாமலே கடைப்பிடித்தது எனக்கு மகிழ்ச்சி அளித்தது.

இனிதான் என் வழக்கு தொடங்குகிறது. கார் கொதித்தது, உடனே அவர்கள் செய்தது என்ன? முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். பிறகு தண்ணீர்ப் பம்பு புதிது வாங்கினார்கள். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி வேறொரு பழைய மாருதியின் ரேடியேட்டரை மாட்டினார்கள். இறுதியாக, அறிந்த மெக்கானிக் ஒருவர், “நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குப்பா? கழட்டிப் போடு!” என்றார், அதையும் கழற்றிப் போட்டார்கள். நான்காயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. கொதிப்பு நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் எதையோ மாற்றினார்களேயன்றி, ஒருமுறையேனும் எதையும் அளக்கவில்லை.

பாகத்தை மாற்றுவது பழுது பார்த்தல் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. கடையில் தயாரான காரில் இம்முறை சில வேளை பலிக்கும். ஏனெனில் அங்கே அமைப்பு சரியென்று தொழிற்சாலை ஏற்கனவே நிரூபித்திருக்கிறது. தேய்ந்துபோன ஒரு பாகம்தான் குற்றவாளி. எதை மாற்றினாலும் என்றாவது குற்றவாளி அகப்பட்டுவிடுவான். சொந்தமாகக் கட்டிய காரில் அப்படியன்று. ஒவ்வொரு பாகமும் நல்லதாக இருந்தும் அவை சேர்ந்த சேர்க்கை தவறாக இருக்கலாம். சேர்க்கையின் தவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்கி மாற்ற முடியாது.

இப்படிப் பேசுகிற நானும் அன்று ஒரு தவறு செய்தேன். அதை மறைப்பது அழகன்று. காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “ரேடியேட்டர் சிறியது, பெரிதாகப் போடுங்கள்” என்று சொல்லிவிட்டேன். அளக்காமல் சொன்ன ஐந்தாவது யோசனை அது! தம்பிதான் கேட்டான்: “சார், மாருதி கார்ல நாலு பேரும் சாமானும் ஏத்திட்டுப் போறப்போ இதே ரேடியேட்டர் போதுது. நம்ம வண்டி அதைவிட எடை கம்மி. அப்புறம் எப்படி சார் பத்தாது?” எனக்குப் பதில் இல்லை. தறிக்கொட்டகையின் திண்ணையில் உட்கார்ந்து மூவருமாகக் கணக்குப் போட்டோம்.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் சக்கரத்துக்கான வேலையாக மாறுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. ஏறத்தாழ வேலைக்குச் சமமான பங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல், குளிர்நீரில் சேர்கிறது. எங்கள் சிறிய கார் நிதானமாக ஓடும்போது நீரில் சேரும் வெப்பத்தை 6 கிலோவாட் என்று தோராயமாகக் கொண்டோம். ஆறு மின்சார இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் அந்தத் தண்ணீரைச் சூடேற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பம்பு வினாடிக்கு 0.4 லிட்டர் தண்ணீரைச் சுற்றுகிறது என்று வைத்தால், ரேடியேட்டருக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு இருக்க வேண்டும்? 6,000-ஐ 0.4-ஆலும் 4,200-ஆலும் வகுத்தால், ஏறத்தாழ மூன்றரை டிகிரி. அவ்வளவுதான்! தண்ணீர் ரேடியேட்டருக்குள் போய் ‘குளிர்ந்து’ வருகிறது என்று நாம் சொன்னாலும், 90-க்குப் போன நீர் 86-ஆகத்தான் திரும்புகிறது.

இப்போது காற்றின் பக்கத்தைப் பாருங்கள். அதே 6 கிலோவாட்டைக் காற்று ஏற்றுக்கொண்டு போக வேண்டும். காற்று ரேடியேட்டரைக் கடக்கும்போது 30 டிகிரி சூடேறுவதாகக் கொண்டால், வினாடிக்கு 0.2 கிலோகிராம் காற்று வேண்டும். எடையில் பார்த்தால் நீரின் பாதிதான். ஆனால் கன அளவில்? ஏறத்தாழ 170 லிட்டர்! அரை லிட்டருக்கும் குறைந்த நீர் கொண்டுவரும் வெப்பத்தைத் தூக்கிச் செல்ல, ஒவ்வொரு வினாடியும் 170 லிட்டர் காற்று அந்தச் சன்னமான தகடுகளின் இடுக்குகளில் புகுந்து வெளியேற வேண்டும். 35 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் முகப்புள்ள ரேடியேட்டரில், விரைந்து நடப்பவரின் வேகத்தில் காற்று இடைவிடாமல் ஊடுருவினால்தான் இது நடக்கும்.

ஆக, ‘நீர்க் குளிர்ப்பு எஞ்சின்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. நீர் வெறும் கூலியாள். சுமையைக் கொண்டுவந்து வாசலில் வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. இறுதியில் குளிர்விப்பது காற்றே. சகோதரர்கள் மாற்றிய மூடி, பம்பு, தெர்மோஸ்டாட் யாவும் நீரின் பக்கத்தைச் சேர்ந்தவை. காற்றின் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணமும் எளிது: நீர் ஒழுகினால் தெரியும், காற்று ஒழுகினால் தெரியாது.

கணக்குக்குப் பிறகு அளவீடு. மல்டிமீட்டரோடு வரும் வெப்ப இரட்டைக் கம்பியை ரேடியேட்டரின் மேல் குழாயில் வைத்து, காற்று படாதபடி துணியால் இறுகக் கட்டினோம். அவ்வாறே கீழ்க் குழாயிலும். குழாயின் மேற்பரப்பை அளப்பது நீரின் உண்மை வெப்பநிலையைத் தராது என்று நீங்கள் மறுக்கலாம், சரியான மறுப்பு. ஆனால் எங்களுக்கு வேண்டியது வேறுபாடு மட்டுமே. இரு பக்கமும் ஒரே அளவு தவறு இருந்தால், கழிக்கும்போது அத்தவறு பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

காரை ஓட்டி நிறுத்தியபோது மேலே 97, கீழே 96. வேறுபாடு ஒரே டிகிரி.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு சற்று நேரம் சிந்தியுங்கள். பம்பு ஓடவில்லை என்றாலோ குழாய் அடைத்திருந்தாலோ, மேற்குழாய் கொதிக்கையில் கீழ்க்குழாய் ஆறியிருக்கும். வேறுபாடு மிகுதியாக இருக்கும். இங்கே இரண்டும் ஒன்றுபோல் கொதிக்கின்றன. எனவே நீர் நன்றாகவே சுற்றுகிறது. சுற்றியும் வெப்பம் இறங்கவில்லை. வாசலுக்கு வந்த சுமையை எடுத்துக்கொள்ள ஆளில்லை. ஒரே அளவீட்டில் பம்பு, குழாய், ரேடியேட்டரின் உள்ளடைப்பு என்ற மூன்று சந்தேகங்களும் நீங்கிவிட்டன. இதற்குச் செலவு, கட்டிய துணி ஒன்றுதான்.

மற்றொரு செய்தி அவர்கள் வாயிலிருந்தே வந்தது. முன்னமே நான் கேட்டிருக்க வேண்டியது. கார் எப்போது சூடாகிறது? நின்றுகொண்டிருக்கும்போது முள் மெல்லத்தான் ஏறுகிறதாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் விறுவிறுவென்று ஏறுகிறதாம். வழக்கத்துக்கு நேர்மாறு! சாதாரணக் காரில் விசிறி கெட்டால் நெரிசலில் கொதிக்கும், வேகமெடுத்தால் ஆறும். ஓடினால் கொதிக்கிறது என்றால், ஓட்டத்தால் வரும் காற்றே எதிரியாக இருக்க வேண்டும்.

காற்றை எப்படிப் பார்ப்பது? புகை காட்டலாம் என்றேன். ஓடும் காரில் அது நிற்காது. அண்ணன் எழுந்து வீட்டுக்குள் போய், ஊடை நூலில் அறுந்த கழிவுத் துண்டுகளை ஒரு கைப்பிடி அள்ளி வந்தான். அரக்கு நிறப் பட்டு. விரல் நீளத்துக்கு நறுக்கி, ரேடியேட்டரின் முன்னால் உள்ள கம்பி வலையில் ஏழெட்டு இடங்களில் முடிச்சிட்டான். விமானத்தின் இறக்கை மாதிரிகளில் கம்பளி இழை ஒட்டிக் காற்றோட்டம் பார்ப்பார்கள் என்று நான் வகுப்பில் சொன்னது நினைவிருந்ததாம். பட்டிழை அதைவிட இலேசு. சட்டத்தின் முன்நுனியில் ஒரு கம்பியை நீட்டி, அதில் கைப்பேசியைக் கட்டிப் படம் எடுக்க ஏற்பாடு.

கார் நின்றபடி விசிறி ஓடியது. இழைகள் அனைத்தும் முன்னோக்கிப் பறந்தன. அதாவது காற்று காருக்குள் போகவில்லை; காரிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது! பிறகு ஓட்டினோம். வேகம் ஏற ஏற, இழைகள் மெல்லத் தாழ்ந்து, 30 கிலோமீட்டரை நெருங்கும்போது தொங்கிப்போய், செத்த பாம்புபோல் கிடந்தன.

விசிறி தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. பழைய இரும்புக் கடையில் வாங்கியது. கம்பி இரண்டும் கறுப்பு. நேர்மின் மோட்டாரில் இரு முனைகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நிற்கும்போது, திசை தவறானாலும் ஏதோ கொஞ்சம் காற்று ரேடியேட்டரைக் கடந்தது. ஓடும்போது முன்னிருந்து மோதும் காற்றும் பின்னிருந்து தள்ளும் விசிறியும் மல்லுக்கட்டி, இரண்டும் தோற்றன. 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதும் அழுத்தம் ஏறத்தாழ 40 பாஸ்கல். நான்கு மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம். சிறிய விசிறியால் அதற்கு ஈடுகொடுத்து நிற்க முடியும். இத்தனை நாளும் மூக்கின் முன் கை வைத்துப் பார்த்து, “சூடா காத்து வருது, ஃபேன் வேலை செய்யுது” என்று நிம்மதி அடைந்திருக்கிறார்கள். காற்று வந்தது உண்மை. எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

கம்பிகளை மாற்றி முறுக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அத்துடன் ரேடியேட்டரின் ஓரங்களுக்கும் சட்டத்துக்கும் இடையிலிருந்த இடைவெளிகளைத் தகரத்தால் அடைத்தோம். காற்று சோம்பேறி, தகடுகளின் இடுக்கில் நெருக்கியடித்துப் போவதைவிட ஓரத்துச் சந்து வழியே நழுவவே விரும்பும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். பத்திரிகைக் கதைகள் இப்படித்தான் முடியும். கார் மறுநாளும் ஒருமுறை கொதித்தது. இம்முறை அடையாளம் வேறு. முள் நெடுநேரம் ஒழுங்காக நின்று, திடீரென்று விழுந்து, பின் குதித்தேறியது; காலடியில் களகளவென்று ஒரு சத்தம். நீண்ட குழாய் ஒன்று சட்டத்தின் குறுக்குக் கம்பியைத் தாண்டுவதற்காக மேலே வளைந்து இறங்குகிறது. அந்த மேட்டில் காற்று சிறைப்பட்டிருந்தது. பம்பு தண்ணீரைத் தள்ளும். காற்றைத் தள்ள அதற்குத் தெரியாது. காற்றுக் குமிழி உணர்கருவியைச் சூழும்போது முள் பொய் சொல்லும். நீர் நிரப்பும் வாய் அமைப்பிலேயே உயரமான இடத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் உயரமான ஒவ்வொரு வளைவிலும் காற்றுப் போக ஒரு திருகு வேண்டும். வளைவில் ஒரு டீ இணைப்பு வைத்து, எஞ்சின் முற்றும் ஆறிய பின் திறந்து, மெல்ல நீர் ஊற்றியபோது, புஸ்ஸென்று காற்று போய்ப் பிறகு நீர் வழிந்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி கார்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நீர்ப் பம்பே கிடையாது. சூடான நீர் மேலேறி, ஆறிய நீர் கீழிறங்கும் வெப்பச்சலனம் ஒன்றை நம்பியே அவை ஓடின. அதனால் அங்கே குழாய்கள் எங்கும் முதுகு வளையாமல் ஏறி இறங்கியாக வேண்டியிருந்தது. பம்பு வந்த பிறகு நமக்கு அந்தக் கவனம் போய்விட்டது.

இனி தெர்மோஸ்டாட். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நம் ஊர்களில் எத்தனை கார்களில் இது கழற்றி எறியப்பட்டிருக்கிறதோ! அது ஒரு மெழுகு வால்வு. நீர் ஏறத்தாழ 82 டிகிரியை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். அதற்குக் கீழே மூடியிருந்து எஞ்சின் விரைவில் பதமான சூட்டுக்கு வர உதவும். சூடேறாத எஞ்சின் பெட்ரோலை வீணாக்கும். எண்ணெயில் ஈரம் சேர்ந்து சிலிண்டர் தேயும். பல எஞ்சின்களில், திறக்கும் அதே வால்வு, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் குறுக்கு வழியை மூடவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பாராமலே திரும்பிவிடும். வெயிலூர் என்பதற்காகச் செய்த காரியம் வெயிலிலேயே காலை வாரும்.

மறுபுறம், கழற்றக்கூடாது என்று சொல்பவர்களில் பலர் கூறும் காரணமும் தவறு. “தெர்மோஸ்டாட் இல்லையென்றால் நீர் வேகமாக ஓடும், ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது” என்பார்கள். படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நியூட்டனின் குளிர்தல் விதியை நினைவுகூருங்கள். வெப்ப இழப்பு, நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் மெதுவாக ஊர்ந்தால், ரேடியேட்டரின் கடைசிப் பகுதியை எட்டும்போது நன்றாக ஆறிப்போயிருக்கும். ஆறிய அந்தப் பகுதி காற்றுக்கு வெப்பம் அதிகம் தராது. வேகமாக ஓடினால் ரேடியேட்டர் முழுவதும் ஒரே சூட்டில் இருந்து, எல்லா இடத்திலிருந்தும் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு துளியும் குறைவாகவே ஆறுகிறது. ஆனால் வினாடிக்கு வெளியேறும் மொத்த வெப்பம் கூடுகிறது. ஒரு துளியின் கதையையும் மொத்த ஓட்டத்தின் கதையையும் குழப்பிக்கொள்வதால் வரும் மயக்கம் இது.

கழற்றிய தெர்மோஸ்டாட் அலமாரியில் கிடந்தது. பாத்திரத்து நீரில் கம்பியால் தொங்கவிட்டு, அடியைத் தொடாமல், அடுப்பில் வைத்து வெப்பமானியோடு பார்த்தோம். 82-ஐத் தாண்டியதும் சமர்த்தாகத் திறந்தது. குற்றமற்றவன். மறுபடி மாட்டினோம்.

அந்த மெக்கானிக்கைப் பற்றி ஒருதலையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அவர் சொன்ன இன்னொன்றை இவர்கள் காதில் வாங்கவில்லை. அது முழு உண்மை. “போர் தண்ணி ஊத்தாதே” என்றிருக்கிறார். கடின நீரிலுள்ள உப்புகள் சூட்டில் படிந்து சுவராகும். ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படிவு, வெப்பத்தைத் தடுப்பதில் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத்துக்குச் சமம். பட்டு நூலைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்குகிறவர்களுக்கு இந்த நீரின் குணம் நன்றாகத் தெரியும். கடின நீரில் சோப்பு நுரைக்காது. நூலுக்கு ஆகாத நீர் எஞ்சினுக்கும் ஆகாது. வாலை வடிநீரில் உரிய கூலண்டைக் கலந்து ஊற்றுவதே முறை. உறைபனி இல்லாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்கலாம். அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்களுக்காகத்தான். பொறியியல் மாணவர்களின் ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் மட்டும் வெறும் நீர்தான் ஊற்ற வேண்டும் என்பது விதி. கூலண்ட் தளத்தில் சிந்தினால் வழுக்கி, பின்னால் வரும் கார் கவிழும் என்ற அச்சம்.

அப்போட்டிகளைச் சொன்னதும் இன்னொன்று. அங்கே 22 கிலோமீட்டர் நீள ஓட்டத்தின் நடுவில் ஓட்டுநர் மாற வேண்டும், எஞ்சின் நிறுத்தப்படும். நிறுத்தினால் ஆறும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பம்பு நிற்கிறது; சூடான உலோகத்தின் வெப்பம் அசையாத நீரில் இறங்குகிறது; முள் ஏறுகிறது. எங்கள் காரிலும் நிறுத்திய இரண்டு நிமிடத்தில் முள் ஐந்தாறு டிகிரி ஏற, அண்ணன் பதறிப்போய் மூடியை நோக்கிக் கையை நீட்டினான். கட்டு அவிழ்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை! தம்பிதான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். ஏன் ஏறுகிறது என்று தெரியாதவன் மூடியைத் திறக்கிறான். தெரிந்தவன் சாவியைத் திருப்பி விசிறியை மட்டும் ஓடவிட்டுக் காத்திருக்கிறான்.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: ஹெட் கேஸ்கெட் கிழிந்தாலும் கொதிக்குமே? கொதிக்கும். நீரில் ஓயாத குமிழி, எண்ணெயில் பால் நிறம், புகைக்குழாயில் வெண்புகை என்று அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. இங்கே அவை ஒன்றும் இல்லை. இக்னிஷன் டைமிங் தாமதமானாலும் சூடு மிகும். அதையும் பார்த்தோம், சரியாக இருந்தது.

பள்ளி ஆய்வகத்தில் ஊசலை ஆட்டி 9.8 வரவழைக்கிறோம், வராவிட்டால் வரும்படி எழுதிவிடுகிறோம். நானும் மாணவனாக இருந்தபோது எழுதியவன்தான். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகளையே ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்தால், விடை தெரியாத ஒரு பழுதின் முன் நிற்கும்போது கடைக்கு ஓடுவதைத் தவிர வேறென்ன தோன்றும்? ஒவ்வொரு ஆய்வகத்திலும் வேண்டுமென்றே பழுதாக்கிய கருவி ஒன்று இருக்க வேண்டும் என்று எங்கள் கல்லூரியில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். ஆய்வகத்தில் பழுதான கருவிகளுக்கா பஞ்சம் என்று ஒருவர் கேட்டார்.

கடைசி அளவீடு சென்ற ஜனவரியில். காற்று 28 டிகிரி. விசிறி விடாமல் ஓட, நீர் 88-இல் நிலைத்து நின்றது. வேறுபாடு 60. அதே ஓட்டத்தில் அதே வெப்பம் வெளியேற அதே 60 வேண்டும். மே மாதத்தில் ஐயம்பேட்டையில் காற்று 40-ஐத் தொட்டால், நீர் 100-இல் நிற்க வேண்டும். நல்ல மூடி இருக்கும்வரை அது கொதிநிலைக்கு 18 டிகிரி கீழேதான். 100-ஐத் தாண்டி 105-க்குப் போனால், நான் கணக்கில் எதையோ விட்டிருக்கிறேன் என்று பொருள். தம்பி சாக்கட்டியால் கொட்டகைச் சுவரில் ‘மே: 100’ என்று எழுதினான். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியை நான் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.